வாடகைக்குக் குடியிருப்பவரிடம் எதை நேரில் சொல்வது, எதை எழுதிக் கொடுப்பது?

திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ ஒரு வீட்டுக் கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும். அதிலிருக்கும் நம்பரைக் கூப்பிட்டால் எடுப்பவர் பல நேரம் சென்னையில் இருப்பார், இல்லையென்றால் மும்பையில், துபாயில். சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கும். வாடகை பேச ஒரு மச்சான், அட்வான்ஸ் வாங்க ஒரு சித்தப்பா, ரிப்பேர் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர். பால் காய்ச்சிக் குடிவந்த குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே திகைப்பு வந்துவிடும். மோட்டார் ஓடவில்லை என்றால் இவர்களில் யாரிடம் சொல்வது?

எங்கள் குடும்பத்துக்குப் பாளையங்கோட்டையில் இரண்டு போர்ஷன் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலரின் வீடுகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் சொல்வதும் குடியிருப்பவர்கள் சொல்வதும் என் காதுக்கு வருவதால் ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. வீட்டுச் சண்டைகளில் பல, பணத்தால் தொடங்குவதைவிடச் சொன்ன விதத்தால் தொடங்குகின்றன. ஐந்நூறு ரூபாய் வாடகை உயர்வு ஒரு வீட்டில் சிரித்த முகத்தோடு முடிகிறது, இன்னொரு வீட்டில் பேச்சே நின்றுபோகிறது. தொகை ஒன்றுதான்; சொன்ன வழிதான் வேறு.

வீட்டுக்காரருக்கு இருக்கும் வழிகள் ஐந்து. நேரில் போய்ப் பேசலாம், போனில் கூப்பிடலாம், வாட்ஸ்அப்பில் போடலாம், ஆள் விட்டுச் சொல்லலாம், கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்கலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான் ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து இந்தப் பேச்சை யாராவது எடுத்துக்காட்ட வேண்டி வருமா? வரும் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் அவர் மனம் கலங்குமா? கலங்கும் என்றால் முதலில் வாய்ப்பேச்சு, அதற்குப் பிறகுதான் எழுத்து. காலி செய்யச் சொல்வதுபோலச் சில விஷயங்களுக்கு இரண்டுமே ஆம் என்றுதான் பதில் வரும். அங்கேதான் பலர் ஏதாவது ஒன்றை மட்டும் செய்து வம்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரில் பேசுவது

பழுது என்றால் நேரில் போவதற்கு ஈடில்லை. ‘சொவத்துல ஓதம் ஏறுது’ என்று போனில் கேட்டால் பெயின்ட் அடித்தால் போதும் என்று தோன்றும். போய்ப் பார்த்தால் அங்கணத்துக் குழாய் உள்ளுக்குள் கசிந்துகொண்டிருப்பது தெரியும். டவுனில் ரத வீதிகளை ஒட்டிய பழைய வளவு வீடுகளில், அதாவது ஒரே வாசலுக்குள் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில், ஒரு வீட்டுக் கசிவு அடுத்த வீட்டுப் பட்டாசாலில் (கூடத்தில்)தான் தெரியும். அதைப் பத்துப் படம் எடுத்து அனுப்பினாலும் புரியவைக்க முடியாது.

ஆனால் சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. என் வீடு, நான் போகிறேன் என்கிற நினைப்பு நம் ஊரில் இன்னும் பலமாக இருக்கிறது. வாடகைக்கு விட்டபிறகு சுவரும் கூரையும் நம்முடையவை, உள்ளே நடக்கும் வாழ்க்கை அவர்களுடையது. பார்வையிடவோ பழுது பார்க்கவோ வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். கணவர் வளைகுடாவிலோ வெளியூரிலோ இருக்க, பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் மேலப்பாளையத்திலும் பாளையிலும் எத்தனையோ இருக்கின்றன. அங்கே வீட்டுக்காரர் மத்தியானத்தில் வந்து காலிங் பெல் அடித்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம்? முன்னாடியே ஒரு செய்தி போட்டு, கூடவே உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரையும் அழைத்துப் போனால் சங்கடமில்லாமல் வேலை முடியும்.

மாடியில் வீட்டுக்காரர், கீழே வாடகைக்காரர் என்று இருக்கும் வீடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே பேச்சு அளவுக்கு மீறி நடக்கிறது. மாடிப்படியில் எதிர்ப்படும்போது வாடகை உயர்வு, கோலம் போடும்போது தண்ணீர்ச் செலவு, செருப்பு மாட்டும்போது ‘உங்க பையன் பைக்கை உள்ள விடக் கூடாது’. இது எதற்கும் அந்த மனிதரால் பதில் சொல்ல முடியாது. ‘சரி அண்ணாச்சி’ என்று மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் மனைவியிடம் பொருமுவார். தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் கூடுதல் வாடகையை எதிர்பார்த்தால் அங்கே பிடிக்கும் விரிசல். பக்கத்திலேயே இருக்கிறவர்கள்தான் முக்கியமான பேச்சுக்குத் தனியாக நேரம் கேட்க வேண்டும். ‘ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் பேசணும், உங்களுக்குத் தோதுப்படுமா?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து பேசினால், அவரும் மனதில் இருப்பதைச் சொல்வார்.

போன்

அவசரத்துக்குப் போன்தான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மீட்டர் பெட்டியில் தீப்பொறி வருகிறது என்றால் யாரும் டைப் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால் குடிவரும் நாளிலேயே, இன்னின்ன விஷயத்துக்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்று வாயாரச் சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லையென்றால் தயங்கித் தயங்கிக் காலையில்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் சேதம் பெருகியிருக்கும்.

பணத்தைப் பற்றியும் தேதியைப் பற்றியும் போனில் மட்டும் பேசி முடிக்கக் கூடாது. பேசலாம், பேசியதும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும். போனைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்

இன்றைக்கு அன்றாடக் காரியங்களுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகின்றன. ஒழுகும் குழாயை வீடியோ எடுத்து அனுப்பினால் பிளம்பர் வீட்டுக்கு வருமுன்பே எந்த வாஷர் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். வாடகை அனுப்பிய ஜிபே ரசீதும் மோட்டார் ரிப்பேர் பில்லும் ஒரே இடத்தில் கிடக்கும். வள்ளியூர்ப் பக்கம் கூடங்குளம் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத்துக்காரர்களுக்கு வீடு கொடுத்திருப்பவர்கள் சொல்வது என்னவென்றால், பேச்சில் புரியாதது படத்திலும் எண்ணிலும் புரிந்துவிடுகிறது. ‘வாடகை 6000, தண்ணீர் 300, தேதி 5’ என்று எண்ணாகப் போட்டால் மொழி குறுக்கே நிற்பதில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறையப் பேர் அவதிப்படுகிறார்கள். மின்வாரியத்தின் எஸ்எம்எஸ், இணைப்பில் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் போகும். அது வீட்டுக்காரருடைய நம்பராக இருக்கும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறார்கள். அவர் துபாயில் அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட்டுக் கடந்துபோவார், இங்கே தகவல் தெரியாத குடும்பத்துக்கு ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்பார். எஸ்எம்எஸ் வந்த அன்றே அதை அப்படியே வாடகைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் அவருடைய நம்பரையே பதிந்து வைத்துவிடுங்கள். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இதே கதைதான் நடந்தது. வாடகைக்காரரின் ஆதாரைச் சேர்த்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள், நமக்கு நூறு யூனிட் சலுகை நின்றுவிடுமோ என்று குடியிருப்பவர்கள் பயந்தார்கள். அப்படியெல்லாம் ஆகாது என்று அரசு விளக்கம் சொல்லியும், ஒருவருக்கொருவர் கேட்டுத் தெளிந்துகொள்ளாமலே பல வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாட்ஸ்அப்பில் செய்யக் கூடாதவையும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு ‘அடுத்த மாசத்துல இருந்து வாடகை 9000’ என்று ஒற்றை வரி போடுவது அதில் முதலாவது. படித்தவருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். பதில் எழுதவும் வார்த்தை வராது. நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று அனுப்பியவருக்கும் கோபம் ஏறும். இரண்டாவது, நாலைந்து நிமிட வாய்ஸ் மெசேஜ். கேட்பதற்கு வசதியாக இருந்தாலும், பிறகு தேடி எடுக்க முடியாது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வாய்ஸ் அனுப்பலாம், ஆனால் தொகையையும் தேதியையும் கீழே எண்ணில் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். மூன்றாவது, வளவு வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்டுகளுக்கும் இருக்கும் குரூப். நல்ல தண்ணீர் எப்போது வரும், செப்டிக் டேங்க் லாரி என்றைக்கு வருகிறது என்று சொல்ல குரூப் நல்லது. யார் வாடகை பாக்கி வைத்திருக்கிறார் என்று அதில் ஒருநாளும் போடக் கூடாது. பத்துக் குடித்தனங்கள் பார்க்க ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைப் பரப்புவது அநியாயம். பாக்கி வந்தாலும் வந்த பிறகு அந்த வீட்டில் உங்களுக்கு மரியாதை இருக்காது.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்றால், இப்படி: ‘வணக்கம் தம்பி. வியாழக்கிழமை (12-ஆம் தேதி) காலை 10 மணிக்கு மேல் பிளம்பர் முருகனோடு வருகிறேன். அடுப்படிக் குழாய் மாற்ற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் தோதுப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள். செலவு என்னுடையது.’ யார் வருகிறார், எதற்கு, எவ்வளவு நேரம், யார் செலவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமும் இருக்கிறது.

வாட்ஸ்அப் கோர்ட்டில் செல்லுமா என்று கேட்பார்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழை அதோடு இணைக்க வேண்டும். ஆக, ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று நம்பி இருக்க முடியாது. மெசேஜ் தானாக மறையும் வசதியை அணைத்துவிடுங்கள், போன் மாற்றும்போது பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் விட்டுச் சொல்வது

திருநெல்வேலிச் சீமையில் அதிகம் நடப்பதும், அதிகம் கெடுப்பதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். முகத்துக்கு நேராகப் பணத்தைப் பேசக் கூச்சப்படுகிறோம். ‘நீ போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வா’ என்று ஒரு மச்சானையோ, சித்தப்பாவையோ, தெருமுனைக் கடைக்கார அண்ணாச்சியையோ அனுப்புகிறோம். அனுப்பப்பட்டவர் தன் பக்குவத்தில் சொல்கிறார்.

மும்பையில் இருக்கும் ஒருவர் ஊரில் இருக்கும் தம்பி முறைக்காரரிடம் சொல்கிறார்: ‘பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். கூடிவந்தா அடுத்த வருஷம் ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன். காதுல போட்டு வையி, அவசரம் ஒண்ணும் இல்ல.’ அந்தத் தம்பி வாடகைக்காரரிடம் போய்ச் சொல்வது: ‘அண்ணனுக்கு வீடு வேணுமாம். சீக்கிரம் பாத்துக்கிடுங்க.’ அவர் பதறிப்போய் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இங்கே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். மும்பைக்காரர் திகைத்துப்போகிறார், நல்ல குடித்தனம் ஏன் திடீரென்று கிளம்புகிறது என்று. மூன்று பேருமே நல்லவர்கள். இடையில் போன வார்த்தை மட்டும் உருமாறிவிட்டது.

எதிர்த் திசையிலும் இதேதான். மேல்தளம் ஒழுகுகிறது என்று வாடகைக்காரர் மூன்று தடவை சொல்லியிருப்பார். இடையில் இருப்பவர், ‘அண்ணன் லீவுல வரும்போது சொல்லிக்கிடலாம்’ என்று வைத்திருப்பார். கோயில் கொடைக்கு வந்து இறங்கும் அண்ணன், சுவரின் கோலத்தைப் பார்த்துவிட்டு வாடகைக்காரரைக் கோபிப்பார்.

இதற்காக ஊரில் ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. கரண்ட் போனது, பல இடங்களில் போன் டவரும் போனது. வெளியூரில் இருந்த வீட்டுக்காரர்கள் நாள் முழுக்க நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் காப்பாற்றியது மாடிச் சாவி கையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரும், மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரிந்த எலெக்ட்ரீஷியனும்தான். ஊரில் ஓர் ஆள் இல்லாமல் தூரத்திலிருந்து வீடு வாடகைக்கு விடுவது குடியிருப்பவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

எனவே ஆள் இருக்கட்டும், அவருடைய எல்லை தெளிவாக இருக்கட்டும். சாவி, பிளம்பர், மோட்டார், வீட்டைப் பார்வையிடுவது, இவை அவர் பொறுப்பு. வாடகைத் தொகை, அட்வான்ஸ், காலி செய்வது, ஒப்பந்தம் புதுப்பிப்பது, இவற்றை வீட்டுக்காரர் தன் வாயால் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்தால் வீடியோ கால் போட்டாவது சொல்ல வேண்டும். சட்டமும் சொத்து மேலாளர் ஒருவரை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அவர் பெயர், நம்பர், எதெதற்கு அவருக்கு அதிகாரம் என்பதை வாடகைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மச்சானாக இருந்தாலும் அப்படித்தான். புரோக்கரை முதல் நாளோடு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம், அதன் பிறகு அவர் வழியாக எதையும் பேச வேண்டியதில்லை.

கடிதம்

நம் ஊரில் தெரிந்த மனிதருக்குத் தபாலில் கடிதம் வந்தால் சண்டைக்கு அழைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருத்தமும் இல்லாத குடும்பத்துக்கு ஒப்புகை அட்டையோடு கடிதம் வந்தால், தெரு முழுக்கத் தபால்காரரைப் பார்க்கும். அதனால்தான் வீட்டுக்காரர்கள் எழுதத் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது, ஆனால் தயக்கத்துக்குத் தீர்வு எழுதாமல் இருப்பது இல்லை. முதலில் நேரில் பேசி, பேசியதையே எழுதி, கையில் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டால் போதும். பேச்சின் தொடர்ச்சியாகத் தாள் வரும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எழுத்தில்தான் இருக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது ஒப்பந்தம். 11 மாத ஒப்பந்தத்தைச் சொந்தக்காரர்களிடம் கேட்கவே கூச்சம் என்று வாய்ப்பேச்சில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

அடுத்தது வாடகை பாக்கி. இரண்டு மாத பாக்கிக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்லி வாடகைக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் பாக்கியைக் கேட்டு முறையான நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் சொன்ன விதத்தில் இருக்க வேண்டும்: எழுத்தில், கையெழுத்தோடு, தபாலிலோ நேரிலோ கொடுத்திருக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், அதற்கும் வழியில்லாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். மச்சான் வழியாக நாலு தடவை சொல்லிவிட்டேன் என்பது அங்கே எடுபடாது. தபாலில் அனுப்புவதென்றால், பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் கேட்டு, அவரிடம் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள்.

கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, மோட்டார் ஸ்விட்சைப் பூட்டுவது, ஃபியூஸைக் கழற்றுவது, இவற்றையும் ‘சொல்லாமல் சொல்வது’ என்று சிலர் நினைக்கிறார்கள். அது குற்றம் செய்வதற்குச் சமம். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 20-ஆவது பிரிவில் தடுத்திருக்கிறது. குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் தண்ணீரை அடைப்பவரோடு எனக்கு வாதமே இல்லை.

காலி செய்யச் சொல்வது எல்லாவற்றிலும் கனமானது. இதில் எப்படிச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதில் கருணை இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள், புரட்டாசியிலும் பலர் மாற மாட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் முழுப் பரீட்சை முடியும்வரை நகர முடியாது. ஆனி மாதத்தில் போய் ‘ஒரு மாசத்துல காலி பண்ணுங்க’ என்றால், ஆடியில் பால் காய்ச்சச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். வீடு தேவைப்படும் என்று தெரிந்த உடனேயே, குறைந்தது மூன்று மாதம் முன்னதாக நேரில் போய்ச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள், பெண்ணுக்குக் கல்யாணம், பையன் ஊருக்கு வருகிறான், வீட்டை விற்கிறோம், எதுவானாலும் உண்மையைச் சொல்லுங்கள். அவருக்கு வீடு தேட உதவ முடிந்தால் உதவுங்கள். அந்த வாரத்திலேயே தேதி போட்ட ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். வாடகை உயர்வுக்கும் இதே மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சம்பளக்காரர் அதற்குள் தன் கணக்கைச் சரிசெய்துகொள்வார்.

யாருக்கு எது ஒத்துவரும்

வீட்டுக்காரர் மாடியிலேயே இருந்தால் பேச்சைக் குறைத்து எழுத்தைக் கூட்ட வேண்டும். தூரத்தில் இருந்தால் பேச்சைக் கூட்ட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை வாடகை விஷயம் இல்லாமலும் கூப்பிட்டு, ‘நல்லா இருக்கீங்களா, மழைக்கு ஒழுகுதா?’ என்று கேட்டால், பழுது சின்னதாக இருக்கும்போதே காதுக்கு வந்துவிடும்.

பாளையில் கல்லூரிகள் அதிகம், மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். நாலு பேரிடமும் தனித்தனியாகப் பேசினால் நாலு விதமாகப் போகும். யார் பொறுப்பு என்று ஒருவரை அவர்களே சொல்லட்டும், அந்த ஒருவரோடு மட்டும் வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளலாம். வாடகை அப்பா கணக்கிலிருந்து வருகிறதா, பையன் கொடுக்கிறானா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். சிகரெட் பிடித்தான், பத்து மணிக்கு வந்தான் என்று அப்பாவுக்குப் போன் போடுவது வீட்டுக்காரர் வேலை இல்லை. அவன் பதினெட்டு வயது கடந்தவன், அவனிடமே சொல்லலாம்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள், ஆசிரியர்கள், பேங்க்காரர்கள் ஜனவரி வந்தால் வாடகை ரசீது கேட்பார்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வருமான வரியில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கழிவுக்கு வீட்டுக்காரரின் பான் நம்பரும் வேண்டும். பலர் இதைக் கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ரசீது கேட்பது அவர் உரிமை. கொடுக்க முடியாது என்று நினைப்பவர், வீடு கொடுக்கும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். வருமானத்தைக் கணக்கில் காட்டிவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டிய தேவையே இருக்காது.

வீடு பார்க்க வரும் முதல் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘நீங்க எந்த ஆளுக?’ என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டுக்காரரோடு அதன்பிறகு எந்த வழியில் பேசினாலும் நம்பிக்கை பிறக்காது. எத்தனை பேர், எங்கே வேலை, எவ்வளவு நாள் இருப்பீர்கள், இவ்வளவு கேட்டால் போதும். கறி சமைக்கக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது என்று நிபந்தனை உண்டென்றால், அவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பால் காய்ச்சிய பிறகு சொல்வது ஏமாற்றுவது.

ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள், வளவுகளில் இருபது முப்பது வருஷமாகக் குடியிருப்பவர்கள், இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. அவர்களுக்கு வாடகை நோட்டுதான் சரி. நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்கி, ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். மாதம் பிறந்து வாடகை வாங்கும்போது தேதி, தொகை, இரண்டு பேர் கையெழுத்து. அதே பக்கத்தில் அந்த மாதம் பேசிய விஷயமும் ஒரு வரி: ‘புறவாசல் கதவுத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டும், வீட்டுக்காரர் பொறுப்பு.’ ‘தை மாதம் முதல் வாடகை 200 கூடுதல், இருவரும் பேசி ஒப்புக்கொண்டது.’ அவர் எழுதத் தெரியாதவராக இருந்தால், அவர் நம்பும் பேரனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கைநாட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கத்தை அட்வான்ஸுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். கொடுத்த தொகை, கொடுத்த தேதி, காலி செய்யும்போது எதற்காவது கழித்தால் என்னென்ன, எவ்வளவு என்று தனித்தனியாக, மீதி திருப்பிக் கொடுத்த தேதி. வீடு கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பக்கம் நிரம்பிவிட வேண்டும்.